அவன் பெயர் உன்னிடம்தான் இருக்கிறது

மகனே, நான் அனுப்பும் மெசேஜ் ஒன்றையும் நீ திறப்பதில்லை. போன் செய்தால் அடித்து ஓய்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை இங்கே போடுகிறேன், நம்ம பேய்க்கதை சேனலின் நேயர் பக்கத்தில். எங்களோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய், வெள்ளிக்கிழமைக் கதையைக் கேட்காமல் இருக்கமாட்டாய். கேட்டு முடித்ததும் இந்தப் பக்கத்துக்கு வந்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அடிவரைக்கும் இழுத்துப் பார்ப்பாய். அந்தப் பழக்கத்தை உனக்கு ஒட்டவைத்தவளே நான்தானே. நீ பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் சொருகிக்கொண்டு நாம் அலறியதைப் பார்த்து, “ஏட்டி, நீ அவனுக்குத் தாயா, கூட்டாளியா?” என்று உன் அப்பா கேட்பார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், இரண்டும்தான் என்பேன். இங்கே இருக்கிற மற்ற நடுங்கிகளும் படிக்கட்டும். (புதியவர்களுக்கு: இந்தச் சேனல் ரசிகர்களுக்கு நடுங்கிகள் என்று பெயர். நான் இந்தப் பக்கத்தின் மாடரேட்டர், அதாவது தலைமை நடுங்கி.) பயப்படுவதற்கு வந்தவர்களை ஏமாற்றமாட்டேன். ஆனால் இது உனக்கு எழுதியது, மகனே. உன்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. அதை நீ வந்து கோமதியிடம் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்காக.

மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கோமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு போட்டே எழுதுங்கத்த” என்றாள். அவள் சுரண்டைப் பெண், உன் மனைவி. அவள் மாசமாக இருக்கும்போதே நீ ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டாய். பிள்ளை பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தாய். பெயர் என்ன வைக்கலாம் என்று நான் வாயைத் திறந்ததும் குறுக்கே பாய்ந்தாய். “எம்மா, பேரெல்லாம் நான் முடிவு பண்ணிட்டேன். லீவுல வந்து நானே காதுல சொல்லுவேன். அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கக்கூடாது.” “கோமதிகிட்டயாவது சொல்லுலே.” “அவகிட்டயும் கிடையாது. சஸ்பென்ஸ்.” கோமதி படுத்தபடியே சிரித்தாள். “பெத்தவ நான், சஸ்பென்ஸ் வைக்குதது அவ்வோளா? பாத்தியளாத்த?” என்றாள். இந்தப் பித்து உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உன் அப்பா குற்றாலம் சீசனுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வைக்க எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தோம். தலை முழுக்க ஈரத்தோடு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் உன் காதில் குனிந்து மூன்று முறை சொன்னார். “தகப்பன் சொல்லுததுக்கு முன்னால வேற யாரும் கூப்பிட்டா பேரு ஒட்டாது” என்று ஒரு காரணமும் சொன்னார். அது அவராகக் கண்டுபிடித்தது. ஆனால் நீ அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். உனக்கு அது குடும்ப வழக்கமாகிவிட்டது.

உன் லீவு தள்ளிப்போனது. ஆள் பற்றாக்குறை என்றார்கள், பிறகு இன்னொரு காரணம் சொன்னார்கள். நாங்களும் பிள்ளையை வாவா, வாவா என்று கூப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். செங்கோட்டைப் பக்கம் மலையாளம் கலந்து கைக்குழந்தையை அப்படித்தானே கூப்பிடுவார்கள். போனை அவன் காதில் வைத்து நீயே பெயரைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. பெயருக்கு என்ன அவசரம், பிள்ளை எங்கே போய்விடப் போகிறான் என்றுதான் எல்லாரும் இருந்தோம். வர முடியாததற்குப் பதிலாகத்தான் நீ ஒரு கேமராவை அனுப்பினாய், லீவில் வந்த சிநேகிதனிடம் கொடுத்து. தேங்காய் அளவுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும், கழுத்தைத் திருப்பும். உன் அப்பா அதைப் பீரோ மேலே கட்டினார். நீ அங்கிருந்து தொட்டிலைப் பார்ப்பாய். “எம்மா, கொசு உக்காந்திருக்கு பாரு” என்று ஷார்ஜாவிலிருந்து கொசு விரட்டினவன் நீ ஒருத்தன்தான் இருப்பாய்.

ஒரு நாள் விடிந்தபோது வாவா விழிக்கவில்லை. முந்தின மாலை வரைக்கும் காலை உதைத்துச் சிரித்தவன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு அந்த லேடி டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதை உனக்கு முழுதாகச் சொல்லும் முன் நீ போனை வைத்துவிட்டாய். இப்போது கேள். நன்றாக இருக்கிற கைக்குழந்தை தூக்கத்திலேயே இப்படிப் போவது உண்டு. எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காமல் போவதும் உண்டு. இந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ இது நடக்கவில்லை. இதைச் சொல்லும்போது டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை, கோமதியைத்தான் பார்த்தார். அவள் தலையாட்டினாளே தவிர உள்ளே போனதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே நீ அவளிடம் பேசியிருந்தாய். சத்தம் வெட்டி வெட்டி வந்தது, நீ அழுதாய் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். “நீ தூங்கிட்டியா?”

எதை நினைத்துக் கேட்டாயோ, எனக்குத் தெரியாது. போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு நீ அவளைக் கூப்பிடவில்லை, அவளும் உன்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் நான் சொல்கிறேன். தூங்கினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து, தொட்டிலில் போட்டு, ஒரு கை தொட்டில் சேலையிலேயே இருக்கத் தூங்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தூங்கினேன். உன் அப்பா குறட்டை விட்டார். அந்த நேரம் அங்கே நீயும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாய். உலகத்தில் பிள்ளை பெற்ற எல்லாரும் தூங்குகிறார்கள், மகனே. மறுநாள் பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். நம்ம பிள்ளை எழுந்திருக்கவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போடாதே.

பெரியவர்கள் செத்தால் நம்ம ஊரில் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், நம்மையும் அழவைப்பார்கள், பதினாறாம் நாள்வரை வீட்டில் யாராவது இருப்பார்கள். கைக்குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. பெண்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் அப்பாவும் உன் மாமனாரும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். குளித்தார்கள். அதோடு சரி. வந்து எட்டிப்பார்த்த நாலு பேரும் வாசலிலேயே நின்று, “சின்ன வயசுதான, அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கிடலாம்” என்றார்கள். அழுதால் பால் கட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி பயமுறுத்திவிட்டுப் போனாள். பிள்ளை யார் ஜாடை, எப்படிச் சிரிப்பான் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவன் வந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கோமதி கேட்டாள்: “அத்த, எனக்கு அழுகையே வரமாட்டேங்கு. அழுவுததுக்கு வாயில ஒரு பேரு வேணும்லா? எந்தப் பேரச் சொல்லி நான் அழ?” அந்தக் கேள்விக்குப் பதில் ஷார்ஜாவில் இருக்கிறது.

இனிமேல்தான் கேமரா. ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டது. நம்ம மேலகரத்தில் அந்த நாட்களில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பகல் முழுக்கச் சாம்பல் வெளிச்சம், துணி காயாது, மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு நான் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். கோமதி பாயில் சாய்ந்திருந்தாள். தொட்டில் சேலை கூரைக் கொக்கியில் அப்படியே தொங்கியது, அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தும் அது லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது காதருகே கொசு போனது மாதிரி மெல்ல ஒரு இரைச்சல். நிமிர்ந்தால், பீரோ மேலே கேமரா தலையைத் திருப்புகிறது. முதலில் தொட்டிலைப் பார்த்தது. அங்கேயே நின்றது, எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, என் கையில் ஊசி அப்படியே இருந்தது. பிறகு குனிந்து பாயைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. கடைசியில் கோமதியைப் பார்த்து நின்றுவிட்டது.

அவள் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, நைட்டி மேல் துண்டை இழுத்துவிட்டாள், விருந்தாளி வந்தால் செய்வது போல. “பயப்படாதியத்த. தெனமும் இந்நேரம் வருவான்” என்றாள். “யாருட்டி?” “வாவாதான். என்னையத் தேடுதான். பாருங்க, நான் எங்கன போனாலும் கூடவே திரும்புவான்.” எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கேமரா சும்மா இருந்தது. பிறகு, ஏதோ யோசித்து முடிவு செய்தது போலக் கொஞ்சம் தாமதித்து, மெல்லத் திரும்பி அவளைக் கண்டுபிடித்தது. அவள் சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. சோறு முடிந்து ஊர் அடங்கும் நேரத்தில் அந்தக் கொசு இரைச்சல், தொட்டில், பாய், கதவு, கோமதி. ஒரு நாள் அதற்குள்ளிருந்து சத்தமும் வந்தது. விக்கல் மாதிரி, பாதியில் அறுந்த அழுகை மாதிரி, ஒரே ஒரு முறை. நான் பிள்ளைச் சத்தம் என்றே நினைத்தேன். எத்தனை கதை கேட்டவள் நான், எல்லாக் கதையிலும் சிரித்துக்கொண்டே பயந்தவள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோமதி இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் நைட்டி நனைந்துகொண்டிருந்தது. பிள்ளை இல்லாவிட்டாலும், அந்தச் சத்தத்துக்குப் பால் இறங்கிவிட்டது.

உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். பயந்த கையோடு இந்தப் பக்கத்தில்தான் எழுதினேன், ‘எங்கள் தெருவில் ஒரு வீட்டில்’ என்று மாற்றி. இங்கே ஒரே கொண்டாட்டம். எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார் ஒருவர். உப்பைத் தூவிவிட்டு லைவ் போடச் சொன்னார் இன்னொருவர். அன்றைக்கே தனியாக ஒரு வாய்ஸ் வந்தது, திருவேங்கடத்திலிருந்து மாரி என்கிற பெண். இங்கே ரொம்ப நாளாக இருக்கிறவள், நான் நேரில் பார்த்ததில்லை. “எக்கா, அது உங்க வீடுதான?” என்று ஆரம்பித்தாள். “தெருக்காரவ வீட்டுக் கதைன்னா இந்நேரம் நீங்க கமெண்டுல எல்லாருக்கும் பதில் போட்டு அடிச்சு ஆடிருப்பிய. ஒரு வார்த்த போடல பாத்தியளா, அதுல கண்டுபிடிச்சேன். பேயெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. மொதல்ல அந்தக் கேமரா ஆப்பு யாரு போன்ல இருக்குன்னு சொல்லுங்க.”

அடுத்த வாய்ஸில் அவள் குரல் மாறியிருந்தது. சில வருஷத்துக்கு முன் அவள் இங்கே ஒரு கதை எழுதியிருந்தாள், கரிசக்காட்டுக் கிணற்றடியில் உச்சி வெயிலில் கேட்கும் குழந்தைச் சத்தம் என்று. நம்ம இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்த கதை, நான் கமெண்டில் நெருப்பு எமோஜியாகப் போட்டுத் தள்ளினேன். “அது எம்பிள்ளக்கா. தூங்கப் போட்ட பிள்ள, உங்க பேரன் மாதிரிதான். ஊருல செத்த பிள்ளையப் பத்தி வாயத் தொறந்தா பொத்துதாவ. பேய்க்கதைன்னா எல்லாரும் உக்காந்து கேக்காவ. அதான் கதையா எழுதுனேன். நீங்கள்லாம் கேட்டிய. அன்னைக்குத்தான் தூங்குனேன்.” அன்று மதியம் முழுக்க இந்தப் பக்கத்தின் பழைய கதைகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். காலித் தொட்டிலை ஆட்டும் கை. அடுக்களையில் தவழும் பிள்ளை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கேட்கும் கொலுசு. இவர்களில் எத்தனை பேர் எழுதியது பேய்க்கதையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆப் உன் போனில் மட்டும்தான் இருக்கிறது. உன் அப்பா போனில் ஏற்ற முயன்று வராமல் விட்டுவிட்டோம். இங்கே நாங்கள் சாப்பிட்டு ஓய்கிற நேரம் உனக்கு அங்கே சாப்பாட்டு இடைவேளை. அன்று கேட்ட விக்கலும் உன்னுடையதுதான் என்று அப்போது புரிந்தது. மறுநாள் கேமரா திரும்பித் தொட்டிலைப் பார்த்ததும் நான் ஸ்டூல் போட்டு ஏறி அதன் முகத்துக்கு நேராக நின்றேன். கறுப்புக் கண்ணாடிக்குள் என் முகம் குட்டியாகத் தெரிந்தது. “சாப்பிட்டியாலே?” என்றேன். அது அப்படியே நின்றது. பிறகு விறுவிறுவென்று திரும்பி, இதற்கு மேல் திரும்ப முடியாது என்கிற மட்டும் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டது. சின்ன வயதில் நான் திட்டினால் நீ சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துபோய்ச் சுவரோடு மூக்கை வைத்து நிற்பாய். எத்தனை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாய், முதுகு மட்டும் குலுங்கும். பீரோ மேலே இருந்தது ஒரு பிளாஸ்டிக் உருண்டை, மகனே. அதற்கு முதுகு கிடையாது. ஆனால் நான் பார்த்தது உன் முதுகைத்தான். அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை.

கோமதி என் மேல் பாய்ந்தாள். “என்னத்துக்குப் பேசுனிய? இப்ப அவனையும் வெரட்டிட்டிய.” ஸ்டூலிலிருந்து இறங்கி அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன், அது வாவா இல்லை, உன் வீட்டுக்காரன் என்று. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப அவ்வோதான் பாத்துட்டு இருந்தாவளா?” “ஆமாட்டி.” “நான் தூங்குதனான்னு பாத்தாவளாக்கும்.” நீ ஒரு கேள்வி கேட்டாயே, அது எங்கே போய் நிற்கிறது பார். அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் கண்ணை மூடுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற கேமராவுக்கு முன்னால் விழித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இல்லைட்டி, உன்னைப் பார்க்கத்தான், பிள்ளை இருந்த இடத்தைப் பார்க்கத்தான் என்று சொன்னேன். நீ சொல்லாமல் நான் சொன்னால் அது எடுபடுமா? நான் என்ன நினைக்கிறேன் என்றால், உனக்கும் அழுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவனைத் தூக்கிப் பார்க்கவில்லை நீ. புதைத்த இடத்தையும் பார்க்கவில்லை. உன்னிடம் இருந்தது அந்த ஒரு அறைதான். அதில் தொட்டில் ஆடுவதைப் பார்க்க வந்தாய். அப்படித்தானே? அப்படி இல்லையென்றாலும் சொல். திட்டமாட்டேன்.

மாரி ஒரு நாள் சங்கரன்கோவில் வழியாகப் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள், கூட இன்னும் இரண்டு பேர், எல்லாம் நம்ம நடுங்கிகள். பயங்கரமான பெயர்களில் இங்கே கமெண்ட் போடுகிறவர்கள், நேரில் பார்த்தால் பயந்த சுபாவம், பையில் மஸ்கோத் அல்வா. மூன்று பேருக்கும் கைப்பிள்ளை போயிருக்கிறது. உட்கார்ந்ததும் மாரி கோமதியைக் கேட்ட முதல் கேள்வி, “பிள்ள யாரு ஜாடை?” கோமதி என்னைப் பார்த்தாள், பதில் சொல்லலாமா என்பது போல. பிறகு ஆரம்பித்தவள் விளக்கு ஏற்றும்வரை நிறுத்தவில்லை. நெற்றி அவள் அம்மாவுடையதாம், காது மட்டும் உன் காதாம், பால் குடிக்கும்போது அவள் தாலிச் சரடைப் பிடித்து முறுக்குவானாம். நடுவில் மாரி, “இங்கன பேய்க்கதை மட்டும் யாரும் எடுக்காதிய, இந்த அக்கா பயந்துபோயி மியூட் பண்ணிருவா” என்றாள். கோமதி சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “சிரிச்சா சிரிச்சுக்கோட்டி” என்றாள் மாரி. “அதுக்கெல்லாம் பிள்ள கோவிக்கமாட்டான்.”

அவர்கள் சொன்னதில் உனக்கானதை மட்டும் சொல்கிறேன். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று அவளிடம் இப்போது சொல்லாதே, யார் சொன்னாலும் நீ சொல்லாதே. தொட்டிலையோ சட்டையையோ நீ வந்து அவசரமாக எடுத்து வைக்காதே. மாரி இன்னும் ஒரு சட்டையை டப்பாவில் மூடி வைத்திருக்கிறாள், வாசம் போய்விடும் என்று திறப்பதில்லை. கூட வந்தவர்களில் ஒருத்தி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாளாம். இரண்டும் சரிதான், ஆனால் பெற்றவள் சொல்ல வேண்டும். பாலுக்கு நர்ஸிடம் கேட்டோம், தானாகக் குறையும், வலித்தால் மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் குளிர்ந்த துணி போடச் சொன்னார். தூக்கம் வராமலே போனால் டாக்டரிடம் போவோம் என்று கோமதியிடம் பேசியிருக்கிறேன், மனசுக்கு வைத்தியம் பார்ப்பது வெட்கம் இல்லை. உனக்கும்தான் அது. மாரி தன் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொன்னாள்: “அவ்வோகிட்ட வந்தவன் போனவன் எல்லாம் ‘பொண்டாட்டி எப்படி இருக்கா’ன்னுதான் கேட்டான். ஒருத்தனும் ‘நீ எப்படி இருக்க’ன்னு கேக்கல. அவ்வோ பேசாம காட்டுலயே படுத்துக் கெடந்தாவ.” அதனால் நான் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? கூட அறையில் இருக்கிறவர்களிடம் சொன்னாயா, உனக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்று? சொல்லுலே. ஒருத்தரிடமாவது சொல்.

உன் அப்பா வேனைக் கழுவுகிறார். மழையில் நிற்கிற வேனைக் கழுவுகிறார். ஒரு நாள் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்து கோமதியிடம், “தாயி, வாறியா, காட்டுதேன்” என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. புல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தது, எதுவும் தெரியவில்லை. உன் அப்பா நாலு எட்டு நடந்தார், நின்றார், திரும்ப வந்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். “இங்கனதான தாயி வச்சேன்” என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கோமதிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கட்டும் மாமா. இந்தப் புல்லு முழுக்க அவன்னே வச்சுக்கிடுவோம்” என்றாள். சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள், பெயர் இல்லாமல் மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ஆடி பிறந்ததும் அவள் அண்ணன் சுரண்டையிலிருந்து கார் கொண்டுவருகிறான். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்கிறார்கள். போகிறவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. திரும்ப வரவேண்டும் என்று வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் இல்லாமல் அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. போனில் சொல்லாதே. அவன் இருந்தபோது போனில் சொல்லியிருக்கலாம், இப்போது நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். எனக்கும் சொல்லாதே. ஆசையாகத்தான் இருக்கிறது, என் பேரன் பெயர். ஆனாலும் முதலில் அவளுக்கு.

நேற்று மதியம் ஒன்று நடந்தது. இதை எழுதலாமா என்று அவளிடம் தனியாகக் கேட்டேன், சரி என்றாள். நான் அடுக்களையில் இருந்தேன். அறை ரொம்ப அமைதியாக இருந்தது, அதனால் எட்டிப் பார்த்தேன். கோமதி காலித் தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். தலை முழுக்கச் சேலைக்குள். உதடு அசைவது தெரிந்தது, துணி அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது. என்னவோ சொன்னாள். நிறுத்தினாள். திரும்பவும் அதையே சொன்னாள். மூன்று முறை. வெளியே சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, கொல்லைக் கதவு டப்டப்பென்று அடித்தது. தொட்டில் மட்டும் அசையவில்லை, உள்ளே கனமாக ஏதோ கிடப்பது போல நின்றது. அவள் தலையை எடுத்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. அழுதிருந்தாள், மகனே. அவன் போன பிறகு முதல் தடவையாக.

“என்ன பேருட்டி சொன்ன?” என்றேன். என்னைப் பார்த்தாள். “அவ்வோ ஒண்ணு வச்சிருக்காவல்லா, நானும் ஒண்ணு வச்சிட்டேன். அவ்வோ வந்து அவ்வோ பேரச் சொல்லட்டும், நான் எம்பேரச் சொல்லுதேன். அதுவரைக்கும் உங்களுக்கும் கெடையாதுத்த.”